தாளிப்பதற்கு முன் எடுத்து வைக்கும் பங்கு

யாழ்ப்பாணத்து வீடுகளில் நாய்க்கென்று தனியாக உலை வைக்கும் வழக்கம் பெரும்பாலும் இருந்ததில்லை. மதியச் சாப்பாடு முடிந்த பிறகு, சட்டியின் அடியில் மிஞ்சிய மீன்குழம்பை விட்டு, வீட்டார் ஒதுக்கிய மீன்தலை, முள், தோல் எல்லாவற்றையும் சோற்றோடு பிசைந்து, பின்வளவில் கிடக்கும் நெளிந்த அலுமினியத் தட்டில் கொட்டினால் அதுதான் நாய்ச்சோறு. அந்தச் சோற்றைத் தின்ற நாய்கள் ஒரு குறையுமில்லாமல் வளவைக் காத்தன என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதை மறுப்பதற்காக நான் இதை எழுதவில்லை. அந்தப் பழைய தட்டில் சரியாக இருந்த ஒன்றை நாம் கைவிட்டுவிட்டோம் என்பதும், பிழையாக இருந்த ஒன்றை இன்னும் விடாமல் வைத்திருக்கிறோம் என்பதும்தான் எனது அபிப்பிராயம். சரியாக இருந்தது முள்; பிழையாக இருந்தது குழம்பு.

எங்கள் வீட்டு ரைகர் ஊர் நாய்க்கும் அல்சேசனுக்கும் பிறந்த கலப்பு. கருத்தடை செய்யப்பட்ட ஆண். நிறை 15 கிலோ. 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் டொலருக்கு 200 ரூபாய் என்றிருந்த பெறுமதி 350ஐயும் தாண்டியபோது, இறக்குமதியாகும் நாயுணவுப் பைகள் எங்களைப் போன்றவர்களின் கைக்கு எட்டாத விலைக்குப் போயின. பலர் வீட்டுச் சமையலுக்குத் திரும்பினார்கள். ஆனால் அவர்கள் திரும்பியது பழைய தட்டுக்கு அல்ல. கோழியின் நெஞ்சிறைச்சியும் வெள்ளைச் சோறும் நாலு துண்டு கரட்டும் என்ற புதிய தட்டுக்கு. வயிற்றோட்டம் கண்ட நாய்க்கு இரண்டு மூன்று நாட்களுக்கு மிருக வைத்தியர் சொல்லும் பத்தியச் சாப்பாடு அது. அதையே வருடக்கணக்கில் போட்டுவிட்டு, பைச் சாப்பாட்டைவிட நல்ல சாப்பாடு கொடுக்கிறோம் என்று நிம்மதியாக இருப்பவர்களை எனக்குத் தெரியும்.

முதலில் குழம்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஊரெழு, உரும்பிராய், புன்னாலைக்கட்டுவன் என்று செம்மண் தோட்டமெங்கும் சின்ன வெங்காயம் விளையும் இடத்தில், வெங்காயம் வெட்டாமல் ஒரு கறி தொடங்குவதில்லை. அந்த வெங்காயமும் உள்ளியும் (வெள்ளைப்பூண்டும்) நாயின் இரத்தத்துக்கு நஞ்சு. அவற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் செங்குருதிக் கலங்களைத் தாக்கி உடைத்துவிடுகின்றன. அதனால் இரண்டு மூன்று நாட்கள் கழித்து பல்முரசு வெளிறி, சிறுநீர் செம்மண்ணிறமாகி, நாய் எழும்ப மாட்டாமல் படுத்துவிடும். உடல்நிறையில் 0.5 வீதத்துக்கு மேற்பட்ட வெங்காயத்தை ஒரே தடவையில் உட்கொண்டால் நஞ்சேறும் என்பது மிருக மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. ரைகருக்கு அது 75 கிராம், அதாவது ஒரு கைப்பிடி சின்ன வெங்காயம். ஒரு நாள் குழம்பில் அவ்வளவு போகாது என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் சிறுகச் சிறுக ஒவ்வொரு நாளும் போனாலும் சேதம் சேர்ந்துகொண்டுதான் வரும். வதக்கினாலும், காயவைத்தாலும், தூளாக்கினாலும் அதன் வீரியம் போவதில்லை. உள்ளிக்கோ வீரியம் இன்னும் அதிகம். கடையில் வாங்கும் சூப்புக் கட்டிகளிலும் வெங்காயத்தூள் இருப்பது வழக்கமாகையால், மணத்துக்காக அதை நாயின் பானையில் கரைத்து ஊற்றுவதும் கூடாது.

பழப்புளியைப் பற்றி எங்கள் பக்கத்தில் யாரும் பேசுவதில்லை. முந்திரிகைப்பழம் (திராட்சை) நாயின் சிறுநீரகத்தைப் பழுதாக்கும் என்பது நெடுங்காலமாகத் தெரிந்திருந்தும், பழத்தில் எது அந்த வேலையைச் செய்கிறது என்பது பிடிபடாமலே இருந்தது. புளியம்பழத்தையும், வெதுப்பகத்தில் பயன்படும் தார்த்தாரிக் உப்பையும் தின்ற நாய்களுக்கும் அதே விதமான சிறுநீரகப் பாதிப்பு ஏற்பட்டதை எடுத்துக்காட்டி, தார்த்தாரிக் அமிலமே காரணம் என்று 2022இல் வெளியான மிருக மருத்துவக் கட்டுரையொன்று முன்வைத்தது. நாங்கள் முந்திரிகைப் பந்தலுக்குள் நாயை விடாமல் பார்த்துக்கொண்டு, மீன்குழம்பின் வழியாக அதே அமிலத்தைத் தட்டில் ஊற்றிவந்திருக்கிறோம். தேங்காய் முதற்பாலின் கொழுப்பும் செத்தல் மிளகாயும் அதற்கு மேல். ஆகவே எங்கள் வீட்டில் இன்று ஒரே ஒரு சட்டம்தான்: வெங்காயமும் புளியும் சட்டிக்குள் விழுவதற்கு முன், நாயின் பங்கு தனிப் பானைக்குப் போய்விட வேண்டும்.

அடுத்தது முள். இறைச்சியில் பொசுபரசு நிறைய உண்டு. கல்சியம் இல்லையென்றே சொல்லலாம். நாயின் சாப்பாட்டில் கல்சியம் பொசுபரசுக்குக் குறைந்தது சமமாகவேனும் இருக்க வேண்டும்; இரு மடங்குக்கு மேல் போகவும் கூடாது. தனி இறைச்சியிலோ பொசுபரசு கல்சியத்தைப்போல் பதினைந்து மடங்குக்கும் மேலாக இருக்கும். சாப்பாட்டில் கல்சியம் வராவிட்டால், இரத்தத்தில் அதன் அளவைக் குறையவிடாமல் வைத்திருக்க உடம்பு தன் எலும்பையே கரைத்து எடுக்கும். வளர்ந்த நாயில் இது நெடுநாள் வெளியே தெரியாது. குட்டியிலோ கால் வளைந்து, சின்னக் குதிப்புக்கே எலும்பு முறியும். பழைய தட்டில் விழுந்த சூடைத் தலையும் நெத்தலி முள்ளும் அறிந்தோ அறியாமலோ இந்தக் குறையில் ஒரு பகுதியையாவது அடைத்தன. நெஞ்சிறைச்சித் தட்டில் அதற்கு ஒரு வழியுமில்லை.

முருங்கையிலை போடுகிறோமே, அதில் கல்சியம் இல்லையா என்று கேட்பவர்களுக்கு: உண்டு, ஆனால் 100 கிராம் பச்சை இலையில் சில நூறு மில்லிகிராம்தான். ரைகரின் ஒரு நாள் தேவையான ஏறத்தாழ 1 கிராம் கல்சியத்தை அதிலிருந்து எடுப்பதென்றால் கால் கிலோவுக்குக் குறையாமல் இலை உருவ வேண்டும். அதைத் தின்ன ஆடு வேண்டும், நாய் போதாது. பாலில் எடுப்பதென்றால் முக்கால் லீற்றருக்கு மேல் போகும். அவ்வளவு பாலைப் பல வளர்ந்த நாய்களின் வயிறு தாங்காது.

கைக்கு எளிதானது முட்டைக்கோது. அதில் 95 வீதத்துக்குக் கிட்டக் கல்சியம் காபனேற்றுத்தான். அப்பம், புட்டு, முட்டைப்பொரியல் என்று வீட்டில் உடைக்கும் முட்டைகளின் கோதுகளை உடனே கழுவி, ஒரு போத்தலில் சேர்த்துவைத்து, போத்தல் நிறைந்ததும் பத்து நிமிடம் கொதிக்கவைத்து, சுளகில் பரப்பிச் சித்திரை வெயிலில் ஒரு நாள் போட்டால், விரலால் தொட்ட இடத்திலேயே நொறுங்கும் பக்குவத்துக்கு வரும். பிறகு கிரைண்டரில் இரண்டு தடவை அரைத்து, அரிதட்டில் அரித்து, மேலே நிற்கும் கப்பியைத் திரும்ப அரைக்க வேண்டும். கப்பி நின்றால் நாய்க்கு நல்லதல்ல; மா போல வரவேண்டும். ஒரு முட்டையின் கோது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி தூளாகும். அதில் 2 கிராம் அளவில் கல்சியம் இருக்கும். ரைகருக்கு நாளொன்றுக்கு மட்டம் தட்டிய அரைத் தேக்கரண்டி போதும். முட்டையை உடைத்த கையோடு கோதைத் தட்டில் போட்டால் என்ன என்று கேட்பார்கள். பெரிய துண்டாகப் போகும் கோதில் பெரும்பகுதி வந்த வழியே வெளியில் போய்விடும்.

சோற்றைப் பற்றி வீணான பயம் ஒன்று பரவியிருக்கிறது. நாய் ஓநாயின் வம்சமாம், ஆகையால் மாப்பொருளைச் செமிக்காதாம். 2013இல் நேச்சர் இதழில் வெளியான மரபணு ஆய்வொன்று, மாப்பொருளை உடைக்கும் நொதியத்துக்கான மரபணு ஓநாயில் இரண்டு பிரதிகளாகவும், நாயில் நாலு முதல் முப்பது பிரதிகள் வரையும் இருப்பதைக் காட்டியது. மனிதனின் குப்பைமேட்டைச் சுற்றித் திரிந்த காலத்திலேயே நாய் சோற்றுக்குப் பழகிவிட்டது. எங்கள் வீட்டில் குத்தரிசியைக் கொஞ்சம் குழைய வேகவைக்கிறோம், அவ்வளவுதான்.

இனி ஒரு நாட்பானை. ஓய்வாக இருக்கும் நாய்க்கு வேண்டிய சக்தியை, கிலோ நிறையின் 0.75 அடுக்கை 70ஆல் பெருக்கிக் கணிப்பார்கள். கருத்தடை செய்த வளர்ந்த நாய்க்கு அதை 1.6ஆல் மறுபடி பெருக்க வேண்டும். 15 கிலோ நாய்க்கு 850 கலோரி அளவில் வரும். அதற்கு எங்கள் பானையில் போவது: வெந்த சோறு 250 கிராம், எலும்பும் தோலும் நீக்கி அவித்த கோழித்தொடை இறைச்சி 200 கிராம், அவித்த முட்டை ஒன்று, பூசணியோ கரட்டோ போஞ்சியோ 100 கிராம், நல்லெண்ணெய் ஒரு தேக்கரண்டி, கோதுத்தூள் அரைத் தேக்கரண்டி. வாரத்தில் இரண்டு நாள் இறைச்சியில் 25 கிராமைக் குறைத்து அந்த அளவுக்கு ஈரல். ஈரல் மலிவு என்று தினமும் அள்ளிப் போட்டால் விற்றமின் ஏ உடம்பில் தேங்கி எலும்பைக் கெடுக்கும். தேங்காயெண்ணெய்க்குப் பதிலாக நல்லெண்ணெய் எடுப்பதற்குக் காரணம், நாய்க்கு இன்றியமையாத லினோலெயிக் அமிலம் தேங்காயெண்ணெயில் மிகக் குறைவாகவும் எள்ளில் நிறையவும் இருப்பதே. மரக்கறியை மசித்து இறைச்சியோடு ஒன்றாக்க வேண்டும்; துண்டாகப் போட்டால் ரைகர் இறைச்சியை மாத்திரம் தின்று, பூசணித்துண்டு ஒவ்வொன்றையும் நக்கிச் சுத்தமாக்கித் தட்டின் விளிம்பில் ஒதுக்கிவிடும்.

இதையெல்லாம் தராசில் நிறுத்துத்தான் போடுகிறேன். முதல் நாள் அடுக்களையில் தராசைக் கண்ட அம்மா, "எட தம்பி, மனிசருக்கே நிறுத்துப் போடாத வீட்டிலை நாய்க்குத் தராசோ?" என்று கேட்டார். மனிதர் பத்து வீட்டில் பத்துவிதமாகச் சாப்பிட்டுக் குறையை எங்கேயாவது ஈடுசெய்துகொள்வார்கள். கட்டிவளர்க்கும் நாய்க்கு வாழ்நாள் முழுவதும் அந்த ஒரு தட்டுத்தான், அதில் தினமும் விடுபடும் சத்து எங்கிருந்தும் வந்து சேராது என்பது எனது பதில். அம்மா ஏற்றுக்கொண்டாரோ தெரியாது. ஆனால் இப்போது நான் வீட்டில் இல்லாத நாளிலும் தராசு அலுமாரியிலிருந்து வெளியே வருகிறது.

வாரத்தில் இரண்டு மூன்று நாள் கோழிக்குப் பதிலாக மீன். அயடீனும் விற்றமின் டீயும் பெரும்பாலும் அதன் வழியாகத்தான் வரவேண்டும்; நாயின் தோல் வெயிலிலிருந்து போதிய விற்றமின் டீயை ஆக்கிக்கொள்வதில்லை. பாசையூரிலோ குருநகரிலோ காலையில் கூறாக வைக்கும் சூடை, நெத்தலி போன்ற சிறுமீன்தான் இதற்கு ஏற்றது. குடல் நீக்கிக் கழுவி, மூடும் அளவுக்குத் தண்ணீர் விட்டுப் பிறஷர் குக்கரில் அரை மணிக்கு மேல் வைத்தால், முதுகுமுள் விரல்களுக்கிடையில் மசியும். அப்படி மசிந்த முள்ளோடு போடும் நாளில் கோதுத்தூள் கால் தேக்கரண்டி போதும். பச்சையாகப் போடக்கூடாது; சிலவகை மீன்களில் விற்றமின் பீ1ஐ அழிக்கும் நொதியம் இருக்கிறது, வேகவைத்தால் அது செயலிழந்துவிடும். பாரை, சூரை போன்ற பெரிய மீன்களின் முள் குக்கரிலும் மசியாது. சதையை உதிர்த்தெடுத்து முள்ளை எறிந்துவிட வேண்டும். கருவாடு உப்புக் கட்டி, நினைக்கவே வேண்டாம்.

நாய்க்கு என்றால் எந்த மீனும் போதும் என்ற எண்ணம் சந்தையில் உண்டு. "நாய்க்கெண்டால் பின்னேரம் வாங்கோ தம்பி, மிச்சத்தைச் சும்மா தாறன்" என்று அன்பாகத்தான் ஒரு மீன்காரம்மா சொன்னார். வெயிலில் கிடந்த சூரை, கும்பளா வகைகளில் உண்டாகும் கிசுற்றமீன் என்ற நச்சுப்பொருள் எவ்வளவு வேகவைத்தாலும் போகாது என்பதால், நான் காலையிலேயே காசு கொடுத்து வாங்குகிறேன். கலப்பாகக் கிடக்கும் கூற்றில் சிறிய பேத்தை அகப்பட்டிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கிளறிப் பார்க்கவும் வேண்டும். பேத்தையின் நஞ்சும் கொதித்தால் அழிவதில்லை.

எல்லாவற்றையும்விட அதிகம் யோசிக்கவைத்தது நல்லூர்த் திருவிழாக் காலம். கந்தசுவாமி கோயிலில் கொடியேறினால் 25 நாட்களுக்கு எங்கள் வீட்டுக்குள் மச்சம் வராது, முட்டையும் மச்சம்தான். பின்வளவில் மூன்று கல்லை வைத்து நாய்க்கு மாத்திரம் தனியாகச் சமைக்கும் வீடுகளும் உண்டு. அம்மா அதற்கும் உடன்படவில்லை. வைரவரின் வாகனம் 25 நாள் விரதம் இருந்தால் ஒன்றும் குறைந்துபோகாது என்பது அவரது கட்சி. தேடிப் பார்த்ததில், இந்த விடயத்தில் அம்மாவின் பக்கம் ஓரளவு நியாயம் இருந்தது. பூனையைப் போலன்றி, நாய் இறைச்சியில் கிடைக்கும் தோரின் என்ற சத்தை வேறு அமினோ அமிலங்களிலிருந்து தானே ஆக்கிக்கொள்ளும். கரட்டின் மஞ்சட் சத்திலிருந்து விற்றமின் ஏயையும் ஆக்கிக்கொள்ளும். ஆகவே புரதம் போதுமான அளவில் இருந்தால் மச்சமில்லாமல் சில வாரங்கள் சமாளிக்கலாம்.

அந்நாட்களில் இறைச்சிக்கும் முட்டைக்கும் பதிலாக, காய்ந்த நிறையில் 60 கிராம் சோயாமீற்றும், மசிய அவித்த பயறு 100 கிராமும், தயிர் 100 கிராமும் போகும். எண்ணெய் இரண்டு தேக்கரண்டியாகும். கோதுத்தூள், அதையும் அம்மா பார்த்தும் பாராமல் விட்டுவிடுவதால், வழமைபோல அரைத் தேக்கரண்டி. சோயாமீற் வாங்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்று. பைக்குள் கூடவரும் சுவைத்தூளில் உப்பும் வெங்காயத்தூளும் உள்ளித்தூளும் இருக்கும். சில வகைகளில் அந்தச் சுவை சோயாவிலேயே ஏற்றப்பட்டிருக்கும். சுவையேற்றாததைத் தேடி வாங்கி, கொதிநீரில் ஊறவைத்து, இரண்டு தடவை பிழிந்து, பொடியாக வெட்டிச் சோற்றோடு வேகவைக்க வேண்டும். முதலிரண்டு நாளும் ரைகர் தட்டை மணந்துவிட்டு என்னைப் பார்க்கும். தயிரை மேலாக ஊற்றினால் தின்னும். நாயின் வயிற்றைக் குழப்பாமலிருக்க, கொடியேற்றத்துக்கு ஒரு வாரம் முன்னதாகவே சோயாவைச் சிறுகச் சிறுகக் கூட்டி, இறைச்சியைக் குறைத்து வருவது நல்லது; திருவிழா முடிந்து திரும்பும்போதும் அப்படியே.

இதை வருடம் முழுவதும் நீட்டலாமா என்று ஒரு சைவப் பெரியவர் கேட்டார். நான் நீட்டமாட்டேன். பருப்பு, பட்டாணி வகைகளை அதிகமாகக் கொண்ட சில உணவுகளுக்கும் நாய்களின் இதயத்தசை நோய்க்கும் தொடர்பு உண்டா என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018இல் ஆராயத் தொடங்கியது. அதைவிட, விற்றமின் பீ12உம் டீயும் இந்தப் பானையில் போதா. அதற்கிடையில், வைரவர் மடையன்று வடைமாலையிலிருந்து ஒரு வடை ரைகருக்கும் வரும். வெங்காயம் சேராத வடை என்பதால் நான் பேசாமல் இருந்துவிடுவேன்.

தீபாவளிப் பங்கு இறைச்சியின் எலும்புகளை அக்கம்பக்கத்தவர் அன்போடு கொண்டுவந்து தருவார்கள். வெந்த எலும்பு கூராகப் பிளந்து குடலைக் குத்துமாகையால் வாங்கி, நன்றி சொல்லி, புதைத்துவிடுகிறேன். கறுத்தக்கொழும்பான் காலத்தில் மாங்கொட்டையும் அப்படித்தான்; விழுங்கினால் குடலில் அடைத்துக்கொள்ளும். சமைத்ததை ஆறியவுடன் நாளளவாகப் பிரித்துக் குளிர்சாதனப்பெட்டியில் வைத்தால் மூன்று நாள் தாங்கும். எங்கள் வெக்கையில் மதியச் சோற்றை இரவுவரை வெளியே வைத்துப் போடுவது நாய்க்கும் ஆகாது.

இவ்வளவு செய்தும் பானை முழுமையாகிவிடவில்லை. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்து மிருக மருத்துவத் துறையினர் நாய்களுக்கான 200 வீட்டுச் சமையற் குறிப்புகளை ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட முடிவின்படி, அவற்றில் 95 வீதமானவற்றில் ஏதாவது ஒரு சத்தாவது போதாமல் இருந்தது. பலவற்றில் ஒன்றுக்கு மேற்பட்ட சத்துகள் போதாமல் இருந்தன. எனது குறிப்பும் அந்தப் பரீட்சையில் தனித்துத் தேறாது. நாகம் (துத்தநாகம்), செம்பு, விற்றமின் ஈ ஆகியவை குறைவாகவே இருக்கும். அதனால் எங்கள் மிருக வைத்தியரிடம் ரைகரின் நிறையையும் பானைக் கணக்கையும் எழுதிக் கொடுத்து, அவர் சொன்ன கனியுப்பு விற்றமின் தூளை ஆறிய சோற்றில் கலக்கிறேன். மனிதருக்கான மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போடுவது இதற்கு மாற்றல்ல. அதில் விற்றமின் டீ நாய்க்கு அளவு மீறிப் போகலாம். மாதத்துக்கொரு தடவை ரைகரைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி எனது நிறையைக் கழித்துப் பார்ப்பேன். விலாவைத் தடவினால் எலும்பு கைக்குத் தெரிய வேண்டும், கண்ணுக்குத் துருத்திக்கொண்டு நிற்கக் கூடாது. கூடினால் முதலில் சோற்றில் கைவைப்பேன்.

பக்கத்து வீட்டில் போன மாதம் அல்சேசன் குட்டியொன்று வந்திருக்கிறது. இதே பானையிலிருந்து அதற்கும் ஒரு பங்கு தரமுடியுமா என்று கேட்டார்கள். பெரிய இனக் குட்டியின் எலும்பு வளரும் மாதங்களில் கல்சியம் குறைந்தாலும் கூடினாலும் கால் கெடும். அந்தக் கணக்கு அரைத் தேக்கரண்டி, கால் தேக்கரண்டி என்று கையால் போடும் கணக்கல்ல. விலை கூடினாலும் ஒன்றரை வயதுவரை பெரிய இனக் குட்டிகளுக்கான பைச் சாப்பாட்டையே போடுங்கள், பிறகு வாருங்கள், கோதுத்தூள் நான் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.